அயல்நாட்டுத் தொழிலாளரும் அநுமதிச் சீட்டும்

பொருளீட்டும் பொருட்டுக் கடல் கடந்து செல்வது நம்மவர்க்குப் புதிதன்று. இன்று வளைகுடா நாடுகளிலே கட்டடம் எழுப்பியும் வீட்டுவேலை செய்தும் பிழைப்போருள் தமிழ் மக்களும் பலர் உளர். அவருட் சிலர் கூலியும் ஓய்வுமின்றி வருந்துவதைக் கேள்வியுறுங்கால், எஜமானரது குணக்கேடே அதற்குக் காரணமென்று நாம் எண்ணிவிடுகிறோம். அஃது அரை உண்மையே. குணங்கெட்டோர் எந்நாட்டிலும் உளர். அன்னோர் அஞ்சாது தீங்கு செய்ய இடந்தருவது சட்டமே என்பது நமது துணிபு.

'கஃபாலா' என்னும் முறைப்படி, அயல்நாட்டான் அங்குத் தங்குதற்குரிய அநுமதி அவனை வரவழைத்த எஜமானனைப் பற்றியே நிற்பது. கூலி கேட்டு வழக்காடின் வேலை போம். வேலை போயின் அநுமதியும் போம். கொடுமை பொறாது வெளியேறினாலோ, 'ஓடிப்போனான்' என்று எஜமானன் அறிவித்த அளவிலே, துன்புற்றவனே குற்றவாளியாகிச் சிறைப்படவும் நாடு கடத்தப்படவும் நேரும். பாஸ்போர்ட்டைப் பறித்து வைத்தலைச் சட்டம் தடுத்துள்ள இடங்களிலும் அவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை. ஊரிலோ, ஏஜெண்டுக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன் வட்டியோடு வளர்கின்றது.

அவன் மனமொப்பிக் கையெழுத்திட்டன்றோ சென்றான் எனச் சிலர் வினவலாம். பிஜிக்கும் நெட்டாலுக்கும் சென்ற ஒப்பந்தக் கூலிகளும் கைந்நாட்டுப் போட்டவர்களே. வேலையை விட்டு நீங்குவதைக் குற்றமாக்கித் தண்டித்தமையாலன்றோ அம்முறையைக் கொடிதென்று நாடு முழுவதும் முழங்கிற்று? இந்தியாவிலிருந்து அவ்வாறு ஆளனுப்புதல் 1917-ல் நின்றது. நீங்க உரிமையில்லாதவன் அளித்த சம்மதம் சம்மதமாகாது.

சீர்திருத்தமே இல்லையென்று நாம் கூறோம். நாட்டைவிட்டு வெளியேற எஜமானனது அநுமதி வேண்டுமென்ற விதியைக் கத்தார் அரசினர் 2018-ல் பெரும்பாலோர்க்கு நீக்கினர்; அவன் சம்மதமின்றி வேறு வேலைக்கு மாறவும் 2020-ல் சட்டஞ் செய்தனர். ஆயினும் ஓடிப்போனான் என ஒரு சொல்லால் ஒருவனைக் கெடுக்கும் அதிகாரம் எஜமானனிடம் எஞ்சியிருக்குமளவும் ஏட்டிலுள்ள உரிமையால் யாது பயன்? தங்கும் அநுமதி அரசினர்க்கும் தொழிலாளிக்கும் உரிய காரியமாதல் வேண்டும்; வழக்கு முடியுமட்டும் அவன் தங்கி, வேறிடத்து உழைத்துண்ணவும் வழி வேண்டும்.

பிறரைப் பழித்தல் எளிது. குடிபெயர்ந்த தொழிலாளரைக் காக்க ஐக்கிய நாடுகள் சபை 1990-ல் இயற்றிய உடன்படிக்கையை வளைகுடா அரசுகள் ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை.

மாணவ நண்பர்காள்! நம் கல்லூரியினின்று வெளியேறுவோருட் பலர் அந்நாடுகளில் எஞ்சினியராகவும் கணக்கராகவும் அமர்வர். தொழிலாளியின் பாஸ்போர்ட்டு அடங்கிய பெட்டியின் திறவுகோல் ஒரு நாள் நம்மவர் கையிலும் வரக்கூடும். அன்று அதனை உரியவனிடம் சேர்ப்பிக்கும் நெஞ்சுறுதியைப் பெறாவிடின், நாம் கற்ற கல்வியாற் பயனில்லை.