பொம்மை எருமையும் நிஜக் கண்ணீரும்

கம்பம்மெட்டு ஏறினால் ஏலத் தோட்டங்களுக்கு நடுவே பாதை கட்டப்பனைக்குப் போகும். 2019-இல் வெளிவந்த லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'ஜல்லிக்கட்டு' அந்த இடுக்கி மலையில்தான் படமானது. வெட்டக் கொண்டுவந்த எருமைப் போத்து ஒன்று தப்பி ஓட, ஊரே வெறிகொண்டு துரத்துகிற கதை. பல காட்சிகளில் ஓடியது எருமையே அல்ல. கலை இயக்குநர் கோகுல்தாஸ் குழு செய்த இயந்திர பொம்மை.

நிஜ விலங்குக்குப் பதில் பொம்மை என்ற இந்த இடத்துக்கு வரச் சினிமாவுக்கு வெகுகாலம் பிடித்தது. 1939-இல் வெளிவந்த 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' என்ற ஹாலிவுட் படத்துக்காகக் குதிரையைப் பாறை உச்சியிலிருந்து கீழே விழவைத்தார்கள்; அது செத்த பிறகே அங்கே கண்காணிப்பு வந்தது. இங்கே ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் போராடியதன் பலன் 1960-இன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். வித்தை காட்டும் விலங்குகளைப் பதிவு செய்யும் விதிகள் 2001-இல் வந்தன. 'எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை' என்ற அட்டை நமக்குப் பழகிப்போனது அதன் பிறகுதான்.

ஆனால் அந்த அட்டை பேசுவது படப்பிடிப்பில் நின்ற விலங்கைப் பற்றி. இருட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பற்றி அல்ல. சின்னப்பா தேவரின் 'ஹாத்தி மேரே சாத்தி'யில் (1971) யானை ராமு குண்டடிபட்டு விழுந்தபோது, நடிப்பு என்று தெரிந்ததால் அழுகை நின்றதா?

பாலக்காட்டுப் பக்கம் திரையில் யானை சாவது இன்னும் கனமான விஷயம். 2020 மே மாதம், வெடி வைத்த பழத்தைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை மன்னார்க்காடு அருகே வெள்ளியாற்றில் நின்றபடியே இறந்தது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்த கண்ணுக்குத் திரையில் சாயும் யானை வெறும் பொம்மையாகத் தெரியாது.

தேவையில்லாமல் விலங்கு வதையைக் காட்டக்கூடாது என்று தணிக்கை வழிகாட்டுதல் 1991-லேயே சொல்கிறது. 2023 திரைப்படச் சட்டத் திருத்தம் 7, 13, 16 என்று வயதுப் படிகளும் கொடுத்தது. நல்லதுதான். எதற்காக அந்த வயது என்று டிக்கெட் எடுக்கும் அப்பாவுக்கு யார் சொல்வது? கதாநாயகன் பீடி பற்றவைத்தால் திரையோரம் எச்சரிக்கை வந்துவிடுகிறது. கத்தி விலங்கின் கழுத்தில் இறங்கும்போது அந்த ஓரம் காலி.

முன்னறிவிப்பு சுவாரசியத்தைக் கெடுக்கும் என்பார்கள் இயக்குநர்கள். 'விலங்கு வதைக் காட்சி உண்டு' என்ற ஒரு வரி, போத்து பிடிபடுமா தப்புமா என்பதைச் சொல்லிவிடாது.