நிலத்தைக் காட்டி விமானத் தொழிலை அழைக்கலாமா?

பெங்களூருவை அடுத்த தேவனஹள்ளியில் 1,777 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தும் முடிவைக் கர்நாடக அரசு 2025 ஜூலையில் கைவிட்டது. விமான, விண்வெளித் தொழிற்பூங்காவுக்கென எண்ணியிருந்த நிலம் அது. அங்குள்ள உழவர்கள் மூன்றாண்டுகளுக்கும் மேலாகப் போராடி வந்தனர். உடனே ஆந்திரப் பிரதேச அமைச்சர் நாரா லோகேஷ், பெங்களூருவுக்கு அருகிலேயே தங்களிடம் 8,000 ஏக்கருக்கும் மேல் ஆயத்தமாக உள்ளது என்று கூறி அத்தொழிலினரைப் பகிரங்கமாக அழைத்தார். மாநிலங்கள் போட்டியிடுவதில் பிழையில்லை. ஆயினும் பேச்சு முழுவதும் ஏக்கர் கணக்கிலேயே நடந்தது எனக்கு உறுத்தலாக இருந்தது.

பெங்களூருவின் கதையையே பாருங்கள். 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் மைசூர் அரசின் துணையுடன் அங்கு விமானத் தொழிற்சாலையைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் இந்திய அறிவியல் கழகத்தில் விமானப் பொறியியல் துறை பிறந்தது. 1953-இல் எச்.எம்.டி. வந்தது. இத்தகைய ஆலைகளில் தொழில் பழகிய கடைசல்காரர்களும் தரச் சோதனையாளர்களும் பின்னர் பீன்யாவின் சிறு பட்டறைகளுக்கு உயிரூட்டினர். அயல்நாட்டு நிறுவனங்கள் தேடி வந்தது அந்தக் கைத்திறனை. எண்பது ஆண்டு விளைச்சலை ஐந்தாண்டு வரிச்சலுகையால் வாங்கிவிட எந்த மாநிலத்தாலும் இயலாது.

குறுக்குவழி ஒன்று உண்டு. அது கொள்முதல் ஆணை. இந்திய விமானப்படைக்கு 56 சி-295 விமானங்கள் வாங்க 2021-இல் ஒப்பந்தமாயிற்று. அவற்றுள் 40 இந்தியாவிலேயே உருவாக வேண்டும் என்பது நிபந்தனை. அதன் பயனாக 2024 அக்டோபரில் வதோதராவில் டாடா, ஏர்பஸ் ஆலை திறக்கப்பட்டது. ஆனால் அத்தகைய ஆணைகள் அரிதானவை. எல்லா ஊருக்கும் வாய்க்கமாட்டா.

மற்ற ஊர்களுக்குப் பெலகாவியே பொருத்தமான பாடம். மாநிலத் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நகரம் அது. வார்ப்பாலைகளும் ஹைட்ராலிக் பட்டறைகளும் அங்கு முன்பே இருந்தன. ஒரு விமானப் பாகம் காய்ச்சி அடிக்கப்பட்டு, கடையப்பட்டு, வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டு, மேற்பூச்சுப் பெற்று, வெடிப்பு உண்டா எனச் சோதிக்கப்பட்ட பின்னரே விமானத்தில் ஏறும். இவற்றுள் ஒரு படி உள்ளூரில் இல்லையெனினும் அப்பாகம் வெகுதூரம் பயணம் செய்து திரும்ப வேண்டும். ஆதாயம் கப்பற்கூலியில் கரையும். 2009 முதல் ஏக்வஸ் நிறுவனம் அங்கு எழுப்பிய வளாகத்தின் சிறப்பே, இப்படிகளை ஓரிடத்தில் சேர்த்ததுதான். மாநிலங்கள் தரும் மானியத்தில் ஒரு பகுதியேனும் பொதுவான பதப்படுத்தும் கூடத்துக்கும் சோதனைக் கூடத்துக்கும் செல்ல வேண்டும் என்பது என் துணிபு. அவற்றுக்குச் சில ஏக்கர் நிலம் போதும்.

வங்கியாளர்களாகிய நாமும் இதில் பொறுப்பாளிகளே. கடன் பிரிவில் நான் பணியாற்றிய நாள்களில், பட்டறை உரிமையாளர் ஒருவர் ஐந்து அச்சு இயந்திரம் வாங்கக் கடன் கேட்டு வந்தார். நிலப் பத்திரம் கேட்டேன். அவர் ஏ.எஸ். 9100 தரச்சான்றிதழையும் பல்லாண்டுக் கொள்முதல் ஒப்பந்தத்தையும் மேசைமேல் வைத்தார். அந்தச் சான்றிதழைப் பெற அவர் இரண்டாண்டுகள் உழைத்திருந்தார். நானோ அதை ஈடாகக் கருத இயலாது எனத் திருப்பிக் கொடுத்தேன். விதிப்படி சரியான முடிவுதான். ஆனால் அந்த ஒப்பந்தத்தை நான் ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்க்கவும் இல்லை.

இன்று குறு, சிறு நிறுவனங்களுக்கான கடன் உத்தரவாத வரம்பு 10 கோடி ரூபாயாக உயர்ந்துள்ளது. பெருநிறுவனங்களிடமிருந்து வரவேண்டிய தொகையை முன்கூட்டியே பணமாக்க டிரெட்ஸ் தளங்கள் உள்ளன. அவர் இன்று வந்திருந்தால், பத்திரத்தைக் கேட்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்திருப்பேன். அவர் பிறகு என்னிடம் வரவில்லை.