லாரி வராத பாதையில் ஒரு சைக்கிள் சவாரி



நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் ஓட்டிக் கீழே விழுந்தவர்கள் உங்களில் யாராவது உண்டா? நான் விழுந்தேன்! முழங்கைச் சிராய்ப்பு இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் சந்தோஷமாகத்தான் இதை எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சின்ன வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டே ஊரைச் சுற்றியவள் நான். 1991-92 வருஷங்களில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் மூலமாகக் கிராமத்துப் பெண்கள் லட்சம் பேருக்கு மேல் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களும் ஒரு பெண்மணிதான். அங்கே பாட்டிமார்கூட சைக்கிள் ஏறிக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான், எங்கள் வீட்டில் "வயசுக்கு வந்த பொண்ணுக்கு சைக்கிள் எதுக்கு?" என்று என்னை இறக்கிவிட்டார்கள். இறங்கினவள் இறங்கினவள்தான்.

கல்யாணமாகி வேப்பம்பட்டுக்கு வந்தேன். எங்கள் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தெரியும், திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரியும் தண்ணீர் வண்டியும் எப்படிப் பறக்கும் என்று. மூன்று வருஷங்களுக்கு முன் என் மகளுக்குப் பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். ஒரு மாதம்தான் ஓட்டினாள். ஒருநாள் சாயங்காலம் ஒரு லாரி அவள் துப்பட்டாவை உரசிக்கொண்டு போனது. பிள்ளை நடுங்கியபடி வந்து நின்றாள். அன்றைக்கே சைக்கிளைப் பூட்டி, சாவியை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என்னை எங்கள் வீட்டில் இறக்கிவிட்ட மாதிரியே நானும் அவளை இறக்கிவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் எனக்கு இரத்தப் பரிசோதனை செய்தார்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2. "5.7-லிருந்து 6.4 வரை எச்சரிக்கை மணி அம்மா, 6.5 வந்தால் சர்க்கரை வியாதி. தினமும் உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டர். நடந்தால் முழங்கால் வலிக்கிறதே என்றேன். "சைக்கிள் ஓட்டுங்களேன், உடம்புப் பாரத்தை சீட் தாங்கிக்கொள்ளும்" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எந்த ரோட்டில் ஓட்டுவது?

வழி காட்டியவள் பாண்டிச்சேரியில் இருக்கும் என் நாத்தனார். "அண்ணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்க. ஆரோவில்லில் மோட்டார் வண்டியே வராத மண் பாதை இருக்கு" என்று போனில் கூப்பிட்டாள். மகளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

பாண்டிக்கு வடக்கே பத்து கிலோமீட்டர் தூரத்தில், பெரும்பாலும் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது ஆரோவில். 1968 பிப்ரவரி 28-ஆம் தேதி 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் சேர்த்து இந்த ஊரை ஆரம்பித்தார்கள். அப்போது அந்த மேட்டு நிலம் பொட்டல் காடாகக் கிடந்ததாம். மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடைகளைப் பிளந்துகொண்டு கடலுக்குப் போய்விடும். பக்கத்தில் இருக்கும் இரும்பை மாகாளேசுவரர் கோயில், திருஞானசம்பந்தர் பாடிய தலம். கடுவெளிச் சித்தர் மனம் நொந்து பாட, அங்கே லிங்கம் வெடித்துச் சிதறியது, அந்தச் சாபத்தால்தான் நிலம் பாழாய்ப் போனது என்று ஊரில் கதை சொல்வார்கள். சாபமோ, மரத்தை வெட்டிய பாவமோ! வந்து குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்து ஜனங்களும் சேர்ந்து வரப்பு கட்டி, ஓடைகளில் தடுப்பணை போட்டு, மழைத் தண்ணீரை நிறுத்தி, மரம் நட்டார்கள். கருங்காலி, வீரை, உலக்கைப் பாலை என்று இந்தக் கரையோரத்தின் பழைய காட்டு மரங்களும் இன்று அங்கே நிற்கின்றன.

அந்தக் காட்டுக்குள்ளேதான் சைக்கிள் பாதை. வாடகைக்கு மூன்று கியர் சைக்கிள் எடுத்தோம். ஏறி உட்கார்ந்ததும் கால் தானாகப் பெடலைத் தேடியது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் உடம்பு மறக்கவில்லை, பாருங்களேன்! ஹாரன் சத்தம் இல்லை. சருகு நொறுங்கும் சத்தமும் மயில் அகவுவதும்தான்.

சுலபமான பாதை என்று நினைத்துவிடாதீர்கள். செம்மண்ணில் சரளைக் கற்கள் உருளுகின்றன. திடீரென்று மணல் வந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. குறுக்கே மர வேர்கள். மழைத் தண்ணீர் அறுத்த பள்ளங்கள். ஒரு சரிவில் பயந்துபோய் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தேன். சக்கரம் வழுக்கியது. நானும் சைக்கிளும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம்.

முன்னால் போன மகள் ஓடி வந்தாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "இதற்குத்தான் சொன்னேன், சைக்கிளே வேண்டாம்" என்று என் வாயிலிருந்தே வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் என் கையைக் கழுவிவிட்டுக்கொண்டே, "அம்மா, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா ரெண்டையும் பிடிக்கணும்மா. சக்கரத்தைப் பார்க்காதே, தூரத்தைப் பாரு" என்றாள். மூன்று வருஷமாக ஓட்டாத பெண், எனக்கு டீச்சராகிவிட்டாள்! "உனக்கு என் மேல கோபமாடீ, சைக்கிளைப் பூட்டினதுக்கு?" என்று கேட்டேன். "கோபமில்லம்மா. ஆனா நீ லாரியைத் திட்டாம சைக்கிளைப் பூட்டினே" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எழுந்து மறுபடி ஏறினேன்.

அன்று நானும் அவளும் கற்றுக்கொண்டவற்றை உங்களுக்காகக் குறித்து வந்திருக்கிறேன்.

* சரளையில் டயர் பட்டையாக இருப்பது நல்லது. காற்றைக் கல் மாதிரி அடைக்காதீர்கள். கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் மண்ணைப் பிடிக்கும். அதற்காகத் தொளதொளவென்றும் விட வேண்டாம்.

* மேடு வருவதற்கு முன்பே லேசான கியருக்கு மாற்றிவிடுங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின் சக்கரம் வழுக்கும். உட்கார்ந்தே மிதியுங்கள்.

* இறக்கத்தில் இரண்டு பெடலையும் சம மட்டத்தில் வைத்து, உடம்பைச் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவில் பிரேக் பிடிக்காதீர்கள்.

* ஹாண்டில் பாரை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். முழங்கை தளர்வாக இருக்கட்டும்.

* புதிதாக ஓட்டுகிறவர்கள் கால் விரல்கள் தரையில் படும்படி சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். பழகியபின் உயர்த்துங்கள். கீழ்ப் பெடலில் கால் ஏறக்குறைய நீண்டிருந்தால் முழங்கால் வலிக்காது.

* சுடிதார் பேண்டின் அடிப்பாகத்தை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டவும். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடலாம். தலைக்கு ஹெல்மெட், கையில் தண்ணீர் பாட்டில் கட்டாயம். சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் நாலு மிட்டாய் வைத்திருங்கள். நெஞ்சு வலி, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏற வேண்டாம்.

* விழுந்தால் சிராய்ப்பைச் சோப்பும் தண்ணீரும் விட்டு மண் போகக் கழுவுங்கள். காப்பித் தூள், மஞ்சள் தூள் எதுவும் அப்ப வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

ஆரோவில் போகிறவர்கள் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று பார்வையாளர் மையத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். ஜனங்கள் குடியிருக்கும் இடம், எல்லாக் காட்டுக்குள்ளும் நுழைய முடியாது. அங்கேயும் வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் வெட்டப்பட்டன. 2022-ல் பசுமைத் தீர்ப்பாயம் அந்த வேலைக்குத் தடை போட்டது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதனால் போன வருஷம் இருந்த பாதை இந்த வருஷமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

வடக்கே போகிற சகோதரிகள் ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் பூங்காவைப் பாருங்கள். 29 சதுர கிலோமீட்டர் பரப்பு, வாடகை சைக்கிளிலேயே சுற்றி வரலாம். ஹாலந்து நாட்டில் ஹோகே வேலுவே என்ற தேசியப் பூங்காவில் வருகிறவர்களுக்கு வெள்ளை சைக்கிள்களை இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஒரு காட்டுக்குள் வண்டி வராமல் பாதை போடுவது ஒன்றும் முடியாத காரியம் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம் அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் பக்கம் எத்தனை ஏரிகள்! கரையோரம் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இப்படி ஒரு பாதை விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்?

ஊர் திரும்பியதும் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்து மகளிடம் கொடுத்தேன். செயினில் துரு. மண்ணெண்ணெய் இல்லாததால் டீசல் விட்டுத் துடைத்து எண்ணெய் போட்டோம். இரண்டு டியூபும் மாற்ற வேண்டியிருந்தது. என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ரெண்டு பேருக்கும் ஒரு சைக்கிள் போதுமா?" என்று கேட்டார், பாருங்கள்!

நெடுஞ்சாலைப் பக்கம் நாங்கள் போவதில்லை. அந்தப் பயம் நியாயமான பயம், அதை நான் விடவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏரிக்கரை மண் பாதையில் ஆளுக்கொரு சுற்று ஓட்டுகிறோம். மாமியார் வாசலில் நின்று, "மெதுவாப் போங்கடீ" என்கிறார். போகாதே என்று சொல்லவில்லை. அதுவே பெரிது!

உங்கள் வீட்டிலும் ஒரு சைக்கிள் துருப்பிடித்துக் கிடக்கிறதா? சாவி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்களேன்.