500 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு உயிரை அடகு வைக்காதீங்க!

வீடு கட்டுறப்போ டைல்ஸுக்கு நாலு கடை ஏறி இறங்குறோம். ஆனா பாத்ரூம் கழிவுநீர் எங்கே போகுதுன்னு யாரும் கேக்கிறதில்ல. நானும் கேக்கல. அதுக்கு நான் கொடுக்க இருந்த விலையைத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

நத்தத்துல எங்க வீடு பழைய மனை. ரோடு போடப் போட உயர்ந்துச்சு, வீடு பள்ளமாயிடுச்சு. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததும் பின்பக்கம் தரைத்தளத்துல ஒரு டாய்லெட் கட்டினோம். செப்டிக் டேங்க் முன்பக்கம், மேட்டுல. தண்ணி மேல ஏறாதே! அதனால பின்னாடி அஞ்சடிக் குழி தோண்டி, கழிவை மேல தள்ள ஒரு சப்மெர்சிபிள் மோட்டார் வெச்சோம். மோட்டாரை வெளிய தூக்க சங்கிலி போடலாம்னு பிளம்பர் சொன்னார். 1,500 ரூபாய். "நைலான் கயிறே போதும்ணே"ன்னு நான்தான் சொன்னேன். சிஏ படிச்ச புத்தி!

ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை குழி நிரம்பி வழிஞ்சுது. மோட்டார் உறுமுது, தண்ணி இறங்கல. கயிற்றை இழுத்தா, இத்துப்போய் அறுந்துடுச்சு. வந்தவர் போன்ல சொன்னார்: "ஒரு ஆள் இறங்கி எடுத்துடுவான் சார், 500 ரூபா கொடுத்தா போதும்." சென்னையில இருந்துக்கிட்டு நான் "சரி"ன்னுட்டேன். அப்பாதான் போனை வாங்கி, "எம் புள்ளய இறக்குவேனா? அப்ப அடுத்தவன் புள்ளய மட்டும் எப்படி இறக்குறது?"ன்னார். நான் வாயடைச்சுப் போனேன்.

கடைசியில லாரி வந்து குழியை உறிஞ்சினாங்க. மேல இருந்தே கொக்கி போட்டு மோட்டாரை எடுத்தாங்க. இம்பெல்லர்ல சுத்தியிருந்தது, லீவுக்குப் போனப்போ எங்க குழந்தைக்குப் பயன்படுத்திட்டு நாங்க ஃப்ளஷ் பண்ணின வெட் வைப்ஸ்.

சட்டம் என்ன சொல்லுது?

2013-ல வந்த மனிதக் கழிவுகளை மனிதர்களே அகற்றுவதைத் தடை செய்யும் சட்டப்படி, உரிய பாதுகாப்பு இல்லாம ஒருத்தரை செப்டிக் டேங்க்கைச் சுத்தம் பண்ண வைக்கிறது குற்றம். நேரடியா கூப்பிட்டாலும் சரி, இன்னொருத்தர் மூலமா கூப்பிட்டாலும் சரி, வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். சாக்கடையில இறக்கிறவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு தரணும்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அரசுகளுக்கு உத்தரவு போட்டுச்சு. உள்ளே சேர்ற ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானா, மூக்குக்கு அந்த வாடையே தெரியாம போயிடும். "நாத்தம் இல்லையே, இறங்கலாம்"ங்கிறது அதனாலதான் ஆபத்து.

மோட்டார் மக்கர் பண்ணா

எதைத் தொடுறதுக்கு முன்னாடியும் மெயினை ஆஃப் பண்ணுங்க. வேலையை எலக்ட்ரீஷியன்கிட்ட விடுங்க. ஆனா அறிகுறி தெரிஞ்சா பில்லைப் புரிஞ்சுக்கலாம்.

• சத்தமே இல்லையா? எம்சிபி விழுந்திருக்கும், இல்ல ஃப்ளோட் சுவிட்ச் எங்கேயாவது சிக்கியிருக்கும். உடனே புது மோட்டார் வாங்கிடாதீங்க.
• உறுமுது, சுத்தலையா? இம்பெல்லர்ல அடைப்பு, இல்ல கெபாசிட்டர் போயிருக்கும்.
• ஓடுது, மட்டம் குறையலையா? குழாய்ல அடைப்பு, காத்து அடைப்பு, இல்ல வால்வு திறக்காம இருக்கும்.
• அடிக்கடி ஆன் ஆகி ஆஃப் ஆகுதா? ஏத்தின தண்ணி திரும்ப இறங்குது. நான்-ரிட்டர்ன் வால்வைப் பாருங்க.
• நிக்காம ஓடுதா? ஃப்ளோட் மேலயே மாட்டியிருக்கும். தண்ணி இல்லாம ஓடினா மோட்டார் கருகிடும்.

இப்ப கணக்குக்கு வருவோம்

எங்க வீட்டுக் கணக்கு இது. மோட்டார் 18,000, ஆறு வருஷம் ஓடும்னு வெச்சா மாசம் 250. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லாரிக்கு 3,000. மாசம் சுமார் 85. வருஷ சர்வீஸ் 1,200, மாசம் 100. மொத்தம் 435. நான் 500-னு ரவுண்டு பண்ணி, மாசாமாசம் தனி ஆர்டி-ல போடுறேன். நீங்க குடியிருக்கிற வீட்டுல இந்தச் செலவுக்கு வரிவிலக்கு கிடையாது. வாடகைக்கு விட்டிருந்தா, சொத்து வரி போக மிச்ச வாடகையில 30% கழிவு கிடைக்கும். ரிப்பேர் பில்லே இல்லைன்னாலும் சரி. அதுல ஒரு பங்கை இதுக்குன்னே ஒதுக்குங்க.

"500 ரூபாய் எஸ்ஐபி போட்டா எவ்வளவு வளரும்"னு கமெண்ட்ல கேப்பீங்க. போடுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதுக்கு முன்னாடி இந்த 500-ஐ எடுத்து வைங்க. கையில காசில்லாத ஞாயித்துக்கிழமையிலதான் "ஒரு ஆளை இறக்கிடலாம்"ங்கிற யோசனை வரும். காசு இருந்தா லாரியைக் கூப்பிடுவோம்.

இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணி, "மோட்டாரைக் கட்டியிருக்கிறது கயிறா, சங்கிலியா?"ன்னு கேளுங்க. கயிறுன்னா இந்த மாசச் சம்பளத்துலயே மாத்திடுங்க. நான் மாத்திட்டேன். அன்னைக்கு 1,500 சொன்ன சங்கிலி இப்ப 1,900 ஆச்சு. அந்த 400 ரூபாய் நஷ்டத்தை நான் சந்தோஷமா எழுதிட்டேன்.