அடுத்தவர் கடையில் நம் காய்கறி

வெளிநாட்டில் குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு ஊர்ச் சமையல் பொருள்கள் மூன்று வழிகளில் கிடைக்கின்றன: இந்திய, இலங்கைக் கடைகள், பிற நாட்டாரின் கடைகள், வீட்டுத் தொட்டி. எதை எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலான ஊர்களில் சாம்பாரும் வத்தக்குழம்பும் குறையில்லாமல் வைக்கலாம்.

பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, வெந்தயம், பெருங்காயம், அப்பளம் ஆகிய உலர்ந்த சரக்குகளுக்கு முதல் வழியே போதும். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்தியர்களின் வருகை பெருகியது. சிகாகோவின் டெவன் அவென்யூவில் 1974இல் பட்டேல் பிரதர்ஸ் என்ற மளிகைக்கடை தொடங்கி, பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவியது. 1983க்குப் பின் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்கள் பாரிஸின் லா ஷப்பல், லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், டொராண்டோவின் ஸ்கார்பரோ முதலிய இடங்களில் கடை வைத்தார்கள். முருங்கைக்காயும் வல்லாரையும் வாழைப்பூவும் அந்த நகரங்களில் கிடைப்பதற்கு அவர்களுடைய உழைப்பு பெரிய காரணம். நாட்டை இழந்து வந்தவர்கள் தங்கள் சாப்பாட்டை இழக்க மறுத்ததன் பயனைப் பின்னால் வந்தவர்களும் அனுபவிக்கிறார்கள்.

தமிழ்க் கடை இல்லாத ஊரில் இரண்டாவது வழி கைகொடுக்கும். வெப்பநாடுகளின் காய்கறிகள் பலருக்கும் பொது. சேப்பங்கிழங்கு சீன, ஜப்பானியக் கடைகளிலும் கரீபியன் கடைகளிலும் உண்டு. மரவள்ளிக்கிழங்கு ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்கக் கடைகளில் தாராளம். பனிப்பெட்டியில் தோலுரித்தும் இருக்கும். வெண்பூசணியும் பாகற்காயும் சீனர்களிடம் கிடைக்கும்; அவர்களுடைய பாகற்காய் வெளிறியும் முள் மழுங்கியும் இருக்கும், பொரியலுக்கு அது தடையில்லை. வெண்டைக்காயைத் துருக்கியரிடமும் ஆப்பிரிக்கரிடமும் வாங்கலாம். முருங்கைக்கீரை பிலிப்பைன்ஸ் மக்களின் அன்றாட உணவு என்பதால் அவர்களுடைய கடைகளில் உறைந்த கட்டிகளாகவேனும் இருக்கும். ஜமைக்காக்காரர்கள் கலலூ என்று விற்பது தண்டுக்கீரையின் இனத்தைச் சேர்ந்தது. கடைந்தும் உண்ணலாம், கூட்டும் வைக்கலாம்.

பெயர் ஒன்றாக இருந்து குணம் மாறுபடும் பொருள்களில்தான் எச்சரிக்கை வேண்டும். சீன, கொரியக் கடைகளில் கருமையாக இருக்கும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளிலிருந்து எடுத்தது. கடைசியில் சில துளி விட்டு மணமூட்டத்தான் அது. அதில் தாளித்தால் குழம்பு முழுவதும் வறுத்த எள்ளின் வாடையாகிவிடும். செக்கு நல்லெண்ணெய் கிடைக்காதபோது வறுக்காத எள்ளில் எடுத்த வெளிர்நிற எண்ணெயே அதற்கு நெருக்கமானது. புளியிலும் இப்படித்தான். தாய்லாந்துக் கடைகளில் ஓட்டோடு விற்கும் இனிப்புப் புளி கையில் எடுத்துத் தின்பதற்கானது. ரசத்துக்கு அங்கேயே கிடைக்கும் புளிப்பான கட்டிப் புளியை வாங்க வேண்டும். மெக்சிகோக் கடைகளிலும் புளியம்பழம் கிடைக்கிறது. கருப்பட்டி இல்லாத இடத்தில் தாய்லாந்து, இந்தோனேசியப் பனைவெல்லங்கள் உதவும். மெக்சிகோவின் பிலோன்சியோ கரும்பு வெல்லத்துக்கு ஈடாகும். இட்லிக்கு வேண்டியது புழுங்கல் அரிசி. அமெரிக்க அங்காடிகளில் விற்கும் புழுக்கிய அரிசி நீளமாக இருந்தாலும், பாஸ்மதியைவிட அதுவே மாவுக்கு ஏற்றது.

கறிவேப்பிலைக்கு மட்டும் எளிதான மாற்று எதுவும் இல்லை. ஊரிலிருந்து பெட்டியில் வைத்து எடுத்துவருவதும் தவறு. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதன் இலைகளில் தங்கி இனப்பெருக்கம் செய்யும். அந்தப் பூச்சி 1998இலும் நோய் 2005இலும் புளோரிடாவில் கண்டறியப்பட்டன. அந்த மாநிலத்தின் ஆரஞ்சுத் தோட்டங்கள் அதன்பின் பெருமளவு அழிந்தன. ஆகவே அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகள் கொண்டுவரும் பச்சைக் கறிவேப்பிலையைப் பறிமுதல் செய்வதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கப்ரா வண்டு தானியக் கிடங்குகளை நாசமாக்குவதால், அந்த வண்டு உள்ள இந்தியா போன்ற நாடுகளின் அரிசியையும் பயணிகள் அங்கே கொண்டுபோக முடியாது. கசகசா வேறு காரணத்தால் சிக்கலானது: அபினிச் செடியின் விதை என்பதால் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்குத் தடை உண்டு. குருமாவுக்கு அங்கே முந்திரிப்பருப்பை அரைத்துச் சேர்க்கலாம்.

கடைக்கு வரும் சரக்கும் அரசுகளின் முடிவுகளைப் பொறுத்தது. பழ ஈக்கள் போன்ற பூச்சிகள் காணப்பட்டதால் 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியாவின் மாம்பழம், கத்தரிக்காய், புடலங்காய், பாகற்காய், சேப்பங்கிழங்கு ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா நிறுத்தியபோது வட அமெரிக்கக் கடைகளில் அரிசி மூட்டைகளுக்குக் கூட்டம் முண்டியடித்தது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. தடை 2024 செப்டம்பரில் விலக்கப்பட்டது.

கறிவேப்பிலைக்கு உறுதியான வழி மூன்றாவதுதான். உள்ளூர் நாற்றங்காலில் முறையாக வாங்கிய கன்றைத் தொட்டியில் வைத்து, கோடையில் வெளியிலும், உறைபனி தொடங்குமுன் வெயில் விழும் சன்னலோரத்திலும் வளர்க்கலாம். குளிர்காலத்தில் வளர்ச்சி குறையும், இலையும் உதிரும். அப்போது தண்ணீரைக் குறைத்துவிட வேண்டும். விதை போடுவோர் பழுத்த உடனே விதைக்க வேண்டும், காய்ந்த விதை முளைப்பது அரிது. கடையில் ஒரு கட்டு கிடைத்தால், கழுவி ஈரம் போகத் துடைத்து உறைநிலைப் பெட்டியில் வைத்தால் மாதக்கணக்கில் வரும். உலர்த்திய இலையைவிட உறைந்த இலையில் மணம் அதிகம். எடுத்தவுடன் உருகவிடாமல் நேராக எண்ணெயில் போட வேண்டும்.