ஆற்றில் போனதெல்லாம் கப்பலா?

நதிக்கரை நாகரிகம் என்று பேசத் தொடங்கியதுமே நம்மவர் கைக்கு எங்கிருந்தோ ஒரு கப்பல் வந்துவிடுகிறது. அண்மையில் எங்கள் பக்கத்தில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில், வைப்பாற்றில் பாய்மரக் கலங்கள் அணிவகுத்துச் சென்றன என்று ஒருவர் முழங்கினார். கைதட்டலுக்கும் குறைவில்லை. நான் கரிவலம்வந்தநல்லூர்க்காரன். எங்கள் நிட்சேப நதி வைப்பாற்றில் சேர்வதுதான். மழை பெய்தால் ஓடும். மற்ற நாட்களில் மணல். என்னால் கை தட்ட முடியவில்லை.

“அன்று ஆறு பெருகி ஓடியிருக்கும்” என்பார்கள். ஓடியிருக்கலாம். ஆனால், ‘இருக்கலாம்’ என்பது சான்றாகிவிடுமா? மொகஞ்சதாரோவில் அறையும் துடுப்பும் கொண்ட படகு முத்திரையிலேயே இருக்கிறது. லோத்தலில் சுடுமண் படகுகள் கிடைத்தன. மெலுக்காவின் கலங்கள் தன் துறையில் நின்றதாக அக்காட் மன்னன் சார்கோன் பெருமை கொள்கிறான். அங்கே பனி உருகி நீர் வரும் சிந்து உண்டு. அப்படியிருந்தும் லோத்தலின் செங்கல் தொட்டி கப்பல் துறையா, வெறும் நீர்த்தேக்கமா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். அந்த ஐயம் நமக்கு ஏன் வருவதில்லை?

நம் பக்கத்துச் சான்று வேண்டுமா? பெரியாற்றுக் கழிமுகத்துப் பட்டணத்தில் 2007இல் ஒரே மரத்தில் குடைந்த தோணி கிடைத்தது. நீளம் சுமார் 6 மீட்டர். பெருங்கலம் கொணர்ந்த பொன்னைக் கழித்தோணிகள் கரை சேர்த்ததைப் புறநானூற்றின் 343ஆம் பாடல் முன்பே சொல்லிவிட்டது. கடலுக்குக் கலம், கழிக்குத் தோணி என்று அந்தப் புலவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. புணை, அம்பி, பஃறி, திமில், தோணி, நாவாய், வங்கம் என வேறுபடுத்திப் பெயரிட்ட மொழி இது. எல்லாவற்றையும் ‘கப்பல்’ என்று அடித்துவிடுவது தமிழுக்குச் செய்யும் பெருமையன்று, இழிவு.

உள்நாட்டுக்குள் அந்தப் புலவர்கள் காட்டுவது யாரை? உப்பு மூட்டைகளோடு வண்டி ஓட்டிச் சென்ற உமணரை. அச்சு முறிந்தால் என் செய்வதென்று மாற்று அச்சும் கட்டிக்கொண்டு போனவர்கள் அவர்கள். 2022 முதல் நடந்த வெம்பக்கோட்டை அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. கடற்சங்கு அவ்வளவு தொலைவு வந்தது மாட்டின் தோளிலும் மனிதன் காலிலும்தான் என்றே நான் கருதுகிறேன். ஆறு அவர்களுக்கு வழிகாட்டி, குடிநீர், தங்குமிடம். ஓடம் ஓடாத ஆற்றங்கரையில் நாகரிகம் தழைக்காது என்று யார் சொன்னது?

இதில் வெறும் வரலாற்றுப் பிழை மட்டும் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். கப்பல் போன ஆறு என்று மேடையில் மார்தட்டுகிறவர், கண்ணெதிரே சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கும் ஆற்றைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. இல்லாத கப்பலுக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது இருக்கிற மணலுக்குக் கிடைக்கட்டும். மணல் இருந்தால் ஊற்று இருக்கும். ஊற்று இருந்தால்தான் ஊர்.