பேசவிடப்படாத தோழி

எதுவார் பூர்டே என்ற பிரெஞ்சு நாடகாசிரியரின் ‘சிறைப்பட்டவள்’ பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகளை நாம் கேட்டு வருகின்றோம். ஒன்று, கலையைக் கலைக்காகவே போற்றுவோர் கூறுவது: ஒருத்தி தன் தோழிமீது கொண்ட ஒருதலை வேட்கையின் ஒப்பற்ற மனத்தத்துவச் சித்திரம் இந்நாடகம் என்பர். மற்றது நம்மவரிற் சிலர் கூறுவது: அழுகும் முதலாளித்துவ சமுதாயத்தின் நாற்றம் இது, முற்போக்காளன் தொடத்தகாதது என்பர். முன்னவர் வியந்து வாய் பிளக்கின்றனர்; பின்னவர் மூக்கைப் பொத்துகின்றனர். இந்த வேட்கையைப் பற்றி நமக்குச் சொல்பவர் யார் என்ற எளிய கேள்வியை மட்டும் இரு சாராரும் கேட்டாரில்லை.

1926 மார்ச்சில் பாரிஸ் நகரின் பெமினா அரங்கில் முதன்முதல் மேடையேறிய நாடகம் இது. இரேன் ஓர் இராஜதந்திரியின் மூத்த மகள். உரோமாபுரியில் பதவியேற்கும் தந்தை அவளையும் உடன்வரக் கட்டளையிடுகின்றார். அவளோ பாரிஸை விட்டகல மறுக்கின்றாள். காரணம் தெகீன் என்பாரின் மனைவி. ஆனால் அதைச் சொல்ல இயலாது. எனவே தன்னை நேசிக்கும் ஜாக் என்ற இளைஞனிடம், தனக்கு மணமகனாக வரப்போகிறவன்போல் நடிக்குமாறு வேண்டுகின்றாள். அவள் உள்ளத்தைக் கொள்ளைகொண்டவர் தெகீனே என ஐயுற்ற ஜாக், அவரையே அழைத்து விசாரிக்கின்றான். பள்ளிக்கூடக் காலத்து நண்பர் அவர்; வயதுக்கு மிஞ்சிய மூப்பு முகத்திற் படிந்திருக்கின்றது. தம் வாழ்வைப் பாழாக்கியது தம் மனைவியின் இத்தகைய நட்பே என்றும், ஆண்மகன் நுழையமுடியாத நிழலுலகம் ஒன்று உண்டு என்றும், தப்பி ஓடிவிடு என்றும் அவர் கூறும் நீண்ட உரையே நாடகத்தின் நடுத்தூண். அதனைக் கேட்ட பின்னரும், தன்னைத் தன்னிடமிருந்தே காக்குமாறு இரேன் மன்றாடியபோது, ஜாக் அவளை மணக்கின்றான். ஓராண்டு கழிகின்றது. மனைவி கடமையைச் செய்கின்றாள், அன்பு இல்லை. ஜாக் தன் பழைய காதலி பிரான்சுவாஸிடம் திரும்புகின்றான். வயலெற் மலர்க்கொத்து ஒன்று வீட்டுக்கு வருகின்றது. இரேன் கதவைத் திறந்து போய்விடுகின்றாள்.

அந்த மலர்களை அனுப்பியவள் எங்கே? மூன்று அங்கங்களில் ஒரு கணமேனும் அவள் மேடைக்கு வருவதில்லை. அவள் பேர்சொல்லி ஒருவரும் அழைப்பதில்லை. தெகீனின் மனைவி என்பதே அவளுக்குரிய அடையாளம். அவளைப் பற்றிய சாட்சியமெல்லாம் கணவன் வாயிலிருந்து வருகின்றது. தீர்ப்போ காதலனாயிருந்து கணவனானவன் வாயிலிருந்து வருகின்றது. குற்றவாளிக் கூண்டை வெறுமையாக விட்டுவிட்டு நடக்கும் வழக்கு இது. இரேனும் தன் மயக்கத்தை ஒரு சிறையென்றே வருணிக்கின்றாள்; அந்தச் சிறையினுள் இன்பம் என ஏதேனும் இருந்ததா, இருந்ததாயின் எத்தகையது என்பதைச் சொல்ல ஆசிரியர் அவளுக்கு ஒரு வாக்கியமும் தரவில்லை.

‘ஒருதலை வேட்கை’ என்கின்றனரே, அதனை ஆராய்வோம். நமது இலக்கணம் இதற்குக் கைக்கிளை என்று பெயரிட்டு, அகத்திணை ஏழனுள் முதலாவதாக வைத்தது. தொல்காப்பியர் கூறும் கைக்கிளையிலே பேசிக்கொண்டிருப்பவன் ஆண்; தன் சொல்லுக்கு எதிர்ச்சொல் பெறாதவனும் அவனே; மௌனமாய் நிற்பவள் பெண். இந்த அளவுகோலை இந்நாடகத்தின்மீது வைத்துப் பார்ப்பின் நிலைமை தலைகீழாகின்றது. இரேனின் அன்புக்கு எதிர்ச்சொல் உண்டு. அது மலராக வருகின்றது. எதிர்ச்சொல் பெறாது பேசிப் பேசி ஓய்பவர் தெகீனும் ஜாக்கும் அன்றோ? கைக்கிளை அவர்களுடையது. தம் நோயைப் பெண்களின் தலையிற் சுமத்திவிட்டு அவர்கள் எழுந்து போகின்றனர். விமர்சகரும் அந்தச் சுமையை அங்கேயே விட்டு வைத்தனர். அகப்பாட்டிலே தோழிக்கென எத்தனை கூற்றுகள்! தலைவனை இடித்துரைக்கவும் தாயிடம் உண்மையை வெளியிடவும் உரிமை பெற்றவள் அவள். பூர்டேயின் தோழிக்கு வாய்த்தது ஒரு மலர்க்கொத்து.

காலத்தின் கட்டுப்பாடு அது, ஆசிரியர் என்செய்வார் எனச் சிலர் பரிவு காட்டுவர். அக்காலப் பாரிஸைப் பார்ப்போம். கொலெத், மதில்ட் த மோர்னி என்ற இரு பெண்கள் மூலான் ரூஜ் அரங்கில் முத்தமிட்டு நடித்ததும், பொலிஸ் தலைமையகம் தலையிட்டதும் 1907இல். பெண்ணுக்குப் பெண் காதல் பாடிய றெனே விவியன் 1909இலேயே இறந்துவிட்டார். வயலெற் மலர் அவர் பெயரோடு இணைந்தே பேசப்பட்டது. நதலி பார்னியின் இல்லத்தில் எழுத்தாளர் கூடி உரையாடிய ஆண்டுகள் பல. ஆக, 1926இல் இத்தகைய பெண்கள் பேசியும் எழுதியும் வாழ்ந்த ஊரிலே அமர்ந்துகொண்டு பூர்டே அவளை நிழலாக்கினார். அவர் அறியாமற் செய்ததன்று. தெரிந்தே செய்துகொண்ட தெரிவு. மூன்றாண்டு முன்னர், 1923இல், இதே தலைப்பில் புரூஸ்டின் நாவற் பகுதியொன்று அவர் இறந்தபின் வெளிவந்திருந்தது. அங்கும் ஒரு பெண் பெண்களை நேசிக்கின்றாளோ என்று ஐயுற்று அவளை வீட்டில் அடைத்துவைத்து வேவு பார்ப்பவன் ஓர் ஆண்; கதை சொல்பவனும் அவனே. ஆனால் புரூஸ்ட் அந்தப் பொறாமையையே கூறுபோட்டு ஆராய்கின்றார். சந்தேகிப்பவனைச் சந்தேகிக்க வாசகனுக்கு இடம் வைக்கின்றார். பூர்டேயின் நாடகத்தில் தெகீனைச் சந்தேகிக்க எவருக்கும் இடமில்லை.

நாடகம் அத்திலாந்திக்கைக் கடந்தது. 1926 செப்டெம்பரில் நியூயோர்க்கின் எம்பயர் அரங்கில் ஹெலன் மென்கனும் பாசில் ராத்போனும் நடிக்க, 160 தடவை மேடையேறியது. 1927 பெப்ரவரி 9ஆந் திகதி, நகரபிதா ஊரிலில்லாத வேளையில், அவருக்குப் பதிலாகக் கடமையாற்றியவரின் உத்தரவின் பேரில் பொலிஸார் நுழைந்தனர். மே வெஸ்டின் நாடகமொன்றும் வேறொன்றும் அதே இரவில் அகப்பட்டன. மே வெஸ்ட் எதிர்த்து நின்று சிறை சென்றார். ‘சிறைப்பட்டவள்’ நாடகத்தின் முதலாளிகளோ வழக்கிலிருந்து விடுபட நாடகத்தையே கைவிட்டனர். முதலீட்டுக்கு ஆபத்து வந்ததும் கலைச் சுதந்திரம் எத்தனை நாள் நின்றது என்று பாருங்கள்! நடிகர் ராத்போன் பல்லாண்டு கழித்து எழுதிய தன்வரலாற்றிலும் அந்தக் கைவிடுதல் பற்றிய கோபம் ஆறவில்லை. அவ்வாண்டே நியூயோர்க் மாநிலம், பாலியல் ‘பிறழ்வு’ பற்றிய நாடகத்தை இடம்பெறச் செய்யும் அரங்குக்கு ஓராண்டு வரை பூட்டுப் போடலாம் என்று சட்டமியற்றியது. அச்சட்டம் 1967 வரை நீக்கப்படவில்லை.

ஜாக்கின் காதலி பிரான்சுவாஸ் இன்னொருவர் மனைவி என்பதை இவ்விடத்தில் நினைவுகூர்தல் வேண்டும். அந்தக் கள்ள உறவு மேடையிலே முழுமையாக, வசனத்தோடும் உடலோடும் நடமாடியது. அதற்காக எந்தப் பொலிஸ்காரனும் வரவில்லை. கண்ணுக்கே தெரியாத ஒருத்தியின் மலர்க்கொத்துக்குத்தான் பூட்டு. குடும்பம், சீதனம், வாரிசு என்ற கணக்குக்கு ஆண்மகனின் கள்ளத்தனம் கேடு செய்வதில்லை; அதற்கும் கணக்கிலே ஒரு பத்தி உண்டு. எந்த ஆணுக்கும் உடைமையாகாத பெண்ணன்புக்கு அந்தப் பேரேட்டில் இடமில்லை. இரேனின் தந்தை மகளை உரோமாபுரிக்கு இழுத்ததும், நியூயோர்க் அதிகாரி அரங்கைப் பூட்டியதும் ஒரே கணக்கின் இரு வரிகள். அன்று நாடகத்துக்குப் பரிந்து பேசியவர்களும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டே பேசினர்: இது பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை, ஆகவே ஒழுக்க நாடகம் என்பதே அவர்கள் வாதம். வருத்தத்துக்குரியது யாதெனில், நாடகம் அந்த வாதத்துக்கு இடங்கொடுக்கின்றது.

இனி நம்மவர்களுக்கு வருவோம். சீரழிவு என்ற சொல் நம் பேனாக்களிலிருந்து மிக எளிதாக வழிகின்றது. அதன் வரலாற்றை அறிந்து கொண்டு அதனை எழுதுவது நன்று. புரட்சிக்குப்பின் 1922இல் வகுத்த குற்றவியற் சட்டத்திலே ஒருபாற் காதலைக் குற்றமாக்கும் பிரிவை ருசியப் போல்ஷிவிக்குகள் சேர்க்கவில்லை. 1934இல் ஸ்ராலினின் அரசு ஆண்களுக்கெதிராக அதை மீண்டும் கொண்டுவந்தது. அவ்வாண்டே மக்சிம் கோர்க்கி, நாம் தலைமேல் வைத்துப் போற்றும் அதே கோர்க்கி, இதனைப் பாசிசத்தோடு பிணைத்துக் கட்டுரை எழுதினார். அதே காலத்திலே ஹிட்லரின் ஆட்சி அத்தகைய ஆண்களை வேட்டையாடத் தொடங்கியிருந்தது; பின்னர் வதைமுகாம்களில் அவர்கள் நெஞ்சிலே இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்தது. கோர்க்கியின் பிணைப்பு எவ்வளவு பொய்யானது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை. ருசியாவில் அச்சட்டம் 1993 வரை நீடித்தது. அதிலே பெண்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தண்டிப்பதற்குக்கூட அவர்கள் கண்ணிற் படவில்லை. பூர்டேயின் மேடையைப் போலவே. ‘தாய்’ நாவலை எழுதியவரின் மேன்மை இதனாற் குன்றாது என்போர் உளர். குன்றவேண்டியதில்லை, ஆனால் அந்தக் கட்டுரை தவறு என்பதை நமது ஏடுகள் எழுதக் கூசுவானேன்? பாட்டாளியின் உழைப்பைப் பற்றி முதலாளி எழுதிய அறிக்கையை மட்டும் படித்துத் தீர்ப்பு வழங்கும் ஒருவனை நாம் என்னவென்று ஏசுவோம்? தெகீனின் உரையை மட்டும் கேட்டுவிட்டுச் ‘சீரழிவு’ என்று எழுதும் நண்பர் செய்வது வேறென்ன?

இத்தகைய நாடகத்தை மேல்வகுப்பு மாணவர் கையிற் கொடுக்கலாமா என்று ஆசிரிய நண்பர் சிலர் கேட்கின்றனர். கொடுக்கலாம் என்பதே நமது விடை. பதினேழு வயதுப் பெண்பிள்ளையொருத்தி தன் தோழியின்பால் உயிரையே வைத்துவிட்டுத் தவிக்கும் நிலை நமது வகுப்பறைகளில் இல்லையென எவரும் சத்தியம் பண்ணமாட்டார். அவளைப் பற்றி அதிபரும் தாய்தந்தையரும் கூடிப் பேசுவர், அவளை வெளியே நிறுத்திவிட்டு. நாடகத்தைக் கொடுக்கும்போது ஒரு வேலையும் கொடுப்போம். தெகீன் தம் மனைவியைப் பற்றிப் பேசும் வரிகளை மாணவர் எண்ணட்டும்; ஜாக் அவளைப் பற்றிப் பேசும் வரிகளையும் எண்ணட்டும்; பின்னர் அவள் தானாகப் பேசும் வரிகளை எண்ணி, அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதட்டும்.